கருவை என்று வெட்டிய மரம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா போட்ட ஒரு செய்தி இன்னும் அழியாமல் இருக்கிறது. வியாழக்கிழமை போட்டது. "வீட்டுல கருவை மொளச்சிருக்கு. நாளைக்குத் தம்பி வர்றான். வேரோட எடுத்துருவோம்." கூடவே ஒரு படம். அதற்கு ராமநாதபுரத்திலிருந்து பெரியப்பாவின் பதில்: "அங்கயும் வந்துருச்சா சனியன்?"

அப்போது எனக்கு ஒன்பது வயது. சார்ஜாவில் ஒரு பழைய வில்லாவை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள், கீழ்ப்பாதியில் நாங்கள். தோட்டம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது மதிலோரத்து மணலைத்தான். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் அம்மா கறிவேப்பிலை வைத்திருந்தாள். அந்தத் தண்ணீரில் பங்குக்கு வந்து, யாரும் வைக்காமலே ஒரு முள்மரம் முளைத்து என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. துணி காயப்போடப் போன அம்மாவின் கையை அது கீறிய அன்றுதான் அப்பா அதை நின்று பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கருவை, அதாவது சீமைக் கருவேலம், வெறும் செடி அல்ல, பரம்பரைப் பகை. கண்மாயை அடைத்த கருவை, கிணற்றை வற்ற வைத்த கருவை என்று கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஜெபல் அலியில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வேலை பார்த்த சித்தப்பா, வெள்ளிக்கிழமை காலையிலேயே சைட்டிலிருந்து இரவல் வாங்கிய கடப்பாரையோடு வந்து இறங்கினார்.

நான் சொன்னேன். இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும்: நான் சொன்னேன். பள்ளியில் எங்களுக்கு காஃப் மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார்கள். இந்த நாட்டின் மரம், அதை வெட்டக் கூடாது என்று டீச்சர் சொல்லி, ஒரு கிளையையும் காட்டியிருந்தார். இந்த இலையும் அதே மாதிரி இருக்கிறது என்றேன்.

சித்தப்பா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ஏ புள்ள, கருவையப் பத்தி எங்கிட்டயா சொல்ற? எங்க கால்ல ஏறுன முள்ள அள்ளிப் போட்டா ஒரு கல்யாணத்துக்குச் சோறாக்கலாம்."

அப்பாவும் சிரித்தார். பல வாரங்களாக வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் அன்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்ப்பையனைப் போல வேலை செய்தார். வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. முழுவதும் எடுக்க முடியாமல் ஓர் ஆழத்தில் வெட்டி மணலைத் தள்ளி மூடினார்கள். சித்தப்பாவின் முழங்கை வரை ரத்தக் கீறல்கள். அதைப் பதக்கம் மாதிரி அம்மாவிடம் காட்டினார்.

தொழுகை முடிந்து, தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பார்க்க வீட்டு உரிமையாளர் வந்தார். வெள்ளைத் தாடி வைத்த உள்ளூர் அரபி; அப்பா அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றுதான் அழைப்பார். மதிலோரம் கிடந்த கிளைகளைக் கண்டதும் தொட்டியை மறந்துவிட்டார். ஒரு கொப்பை எடுத்து உருட்டிப் பார்த்தார். "யே காஃப் ஹை. கிஸ்னே காட்டா?"

யார் வெட்டியது என்ற அந்தக் கேள்விக்கு அப்பா யோசிக்கவே இல்லை. குழந்தைதான் அர்பாப், விளையாட்டில் தெரியாமல் செய்துவிட்டாள் என்று இந்தியில் சொன்னார். பள்ளியில் இந்தி படித்தவள் நான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பிறகு தமிழில் என் பக்கம் திரும்பினார். "தாத்தாட்ட சாரி சொல்லு."

ஒரு அழிரப்பர் விஷயத்தில் பொய் சொன்னதற்காக என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்த அதே அப்பா. வெட்டாதே என்று சொன்ன ஒரே ஆள் நான். நான் சாரி சொன்னேன்.

அர்பாப் என் கைகளைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. சித்தப்பாவின் கைகளைப் பார்த்தார். கடப்பாரையையும் பார்த்தார். "கலாஸ்", முடிந்தது, என்று மட்டும் சொல்லிவிட்டு, கொப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்க்கப் போனார். அவர் நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அது என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. மத்தியானம் பிரியாணியைத் தொடவில்லை. "ஒரு வார்த்தைதான ஆத்தா," என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையை அப்பா ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

காஃப் என்பது நம் வன்னி மரம்தான் என்று கல்லூரியில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். லீவுக்குப் போகும்போதெல்லாம் ஊர்க் கோயிலில் அப்பா மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிடுகிற அதே வன்னி. அப்பாவிடம் போனில் சொன்னேன். "அதுல முள்ளு இருக்கும்னு தெரியாதும்மா," என்றார். அடிமரத்தைச் சுற்றி சிமெண்டுத் திண்டும் மஞ்சள் கயிறுகளுமாக இருக்கும். கிளையை அண்ணாந்து பார்த்ததே இல்லையாம்.

அம்மா வேறொன்று சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அப்பாவுக்கு வேலை போயிருந்தது. விசா ரத்தாகும் முன் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு புகார் போதும், நாங்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பியிருப்போம். மரம் வெட்டிய கையைப் பார்த்தும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார் அந்தக் கிழவர். இது எதுவும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அப்பா மீதுள்ள கோபம் முழுதாகப் போகவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. கருவைக்கு இலைக் கணுவில் முள் ஜோடியாக இருக்கும். வன்னிக்குக் கணுக்களுக்கு நடுவே தண்டில் சிதறியிருக்கும். அப்பா போட்ட படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் முள் இருப்பது தெரிகிறது, எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. அந்தக் கிழவர் காஃப் என்று சொன்னதைத் தவிர, நாங்கள் வெட்டியது எது என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.