அக்காவின் பதினோரு விநாடி

மைசூரில் மனோதத்துவ எம்.ஏ. படித்தபோது, ஒரு கோடை விடுமுறையில் ஆம்பூருக்கு வந்து, கற்ற சோதனையை வீட்டிலேயே செய்து பார்த்தேன். நான் ஒரு சொல் சொன்னதும், கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். தாமதித்தால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏதோ மறைந்திருக்கிறது என்பது பாடம்.

அக்காவை உட்கார வைத்தேன். அவள் கணவர் தோல் கம்பெனி வேலையாக ரங்கூனில் இருந்தார்.

"உப்பு" என்றேன்.

"தோல்" என்றாள் உடனே. எங்கள் ஊரில் தோலை உப்புப் போட்டுத்தான் பதப்படுத்துவார்கள்.

"கடுதாசி."

பதினோரு விநாடி கழித்து, "ஆடு" என்றாள்.

"இன்னாக்கா, கடுதாசின்னா ஆடா?"

"ஆடு தின்னுடும்ல?"

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"நீ கடியாரத்தையே பாத்துக்கினு இருந்தே. பேஜாராப் போச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

மாமாவிடமிருந்து கடிதம் வருகிறதா என்று அம்மாவிடம் மெல்ல விசாரித்தேன். "போன வாரங்கூட வந்துச்சே. படிச்சிட்டு அப்படிச் சிரிச்சா" என்றாள் அம்மா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடுமுறை முடிந்து கல்லூரியில் கொடுத்த அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் 'தெரியவில்லை' என்று எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, 'கணவனின் பிரிவு' என்று திருத்தினார். அவர் என் அக்காவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.