முல்லா வீதியில் ஒரு டிஸ்க் கேபிள்

காலை பத்து மணிக்குப் புதுச்சேரியில், எங்கள் சாரம் பகுதியில் ஆட்டோ பிடித்தேன். பெரிய மார்க்கெட் வரை இரண்டரை கிலோமீட்டர். நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். என் பையில் எலி கடித்த கேபிள் ஒன்றும், கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டிக்கான ரசீதும், அதன் லேபிளைப் பிடித்த படமும் இருந்தன. பயணி ஆவணங்களோடுதான் கிளம்ப வேண்டும்.

காற்றோட்டம் வேண்டும் என்று கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தேன். காற்றோடு எலியும் போய் வந்திருக்கிறது. டிஸ்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் நாலு இடத்தில் அறுந்து கிடந்தது. அவற்றில் ஒன்றில்தான் என் மனைவி ஜாக்லின் எட்டு மாதமாகச் செய்த ஒரு நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாயிற்று. இன்று மாலை ஆறு மணிக்குள், அதாவது பாரிஸில் அவர்கள் மதியம் சாப்பிட்டு எழும் நேரத்துக்குள், நாவல் வராவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகப் பதிப்பகம் எழுதியிருந்தது. காப்புப் பிரதி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஞாயிறுதோறும் நானே எடுக்கிறேன், அதே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இரண்டாவது டிஸ்கில். இரண்டுக்கும் ஒரே கேபிள்.

மார்க்கெட் பக்கத்து முதல் கடையில் இரண்டு நிமிடத்தில் கேபிள் கிடைத்தது. முந்நூற்றைம்பது ரூபாய்.

"இது எந்தக் கம்பெனி பெட்டிக்கு?" என்றேன்.

"எல்லாத்துக்கும்தான் சார். உள்ள போச்சின்னா சரியான கேபிள், போவலன்னா வேற கேபிள்."

உள்ளே போவதுதான் தொல்லை. டிஸ்க் பக்கத்து முனை எங்கும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனையில் எந்த ஓட்டைக்கு எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஐந்து வோல்ட் போகவேண்டிய இடத்தில் பன்னிரண்டு போனால் இரண்டு டிஸ்கும் ஒரே நொடியில் தீரும். இதைப் பொறுமையாக விளக்கினேன்.

"எரிஞ்சா கொண்டாங்க சார், வேற மாத்தித் தர்றேன்" என்றார்.

கேபிளை மாற்றித் தருவார். நாவலை?

அடுத்த இரண்டு கடைகளிலும் இதே வேதாந்தம். மூன்றாமவர் மட்டும், பழைய பெட்டிகள் வாங்கி விற்கும் கபீர் பாய் முல்லா வீதியில் இருப்பதாகச் சொன்னார். வெயிலில் தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிடம். பாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"அஞ்சு நிமிஷம் பாய்."

"நாலு மணிக்கு வாங்க சார். அஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்சா சோறு ஆறிப்போவும்."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஒன்றிலிருந்து நாலு வரை புதுச்சேரியில் கடை என்ற ஒன்று கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய மதியத் தூக்கம் தங்கிவிட்டது. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் பாயின் குரலிலேயே பேசியவன் என்பதால் நான் வாதாடவில்லை.

வீட்டுக்குப் போக மனமில்லை. போனால் ஜாக்லின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரைக்குப் போனேன். கல் இருக்கை சுட்டது, எழுந்தேன். காப்பி வாங்கினேன், பாதியில் வைத்தேன். இரண்டு மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டரைக்கும் எடுக்கவில்லை. அழுதுகொண்டிருப்பாளோ என்று தோன்றியது. முப்பத்தாறு வருடத்தில் அவள் அழுது பார்த்ததில்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது. மூன்றரைக்கே ஷட்டர் முன்னால் போய் நின்றேன்.

பாய் நாலு பத்துக்கு வந்தார். லேபிள் படத்தைப் பார்த்துவிட்டு மூலையிலிருந்த மூட்டையைக் கொட்டினார். செத்துப்போன பெட்டிகள். அதே கம்பெனிப் பெட்டி ஒன்றை நீட்டினார்.

"மாடல் நம்பர் வேறயா இருக்கு பாய்."

"கம்பெனி ஒண்ணுதானே?"

"ஒரே கம்பெனியிலயும் மாத்துவான்."

"பொண்ணு பார்க்க வந்தவங்களே இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க சார்!" என்று சிரித்தபடி மறுபடி தோண்டினார். அடியில் கிடந்தது, எழுத்துக்கு எழுத்து அதே மாடல், கேபிளோடு. இருநூறு ரூபாய். திரும்பும் ஆட்டோவில் பேரம் பேசவில்லை.

ஐந்தேகாலுக்கு வீடு. ஜாக்லின் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். மேஜைக்கடியில் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. ஒரு டிஸ்கைக் காணோம்.

"கீழ்வீட்டு வேலுகிட்ட எடுத்துட்டுப் போனேன். அவன் கம்ப்யூட்டர்ல மாட்டி ரெண்டரைக்கே அனுப்பிட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"பண்ணியிருந்தா, அதைத் தொடக் கூடாது, இதைக் கழட்டக் கூடாதுன்னு ஆரம்பிச்சிருப்பீங்க."

ஆரம்பித்திருப்பேன்.

"அப்புறம் ஏன் நடக்கறே?"

"பதில் வந்திருக்கு. கடைசி அத்தியாயம் இல்லியாம். ரெண்டு டிஸ்கும் ஒரே மாதிரி இருக்கு. நான் எடுத்துட்டுப் போனது உங்க ஞாயித்துக்கிழமை டிஸ்க். கடைசி அத்தியாயம் நேத்துதான் முடிச்சேன். வேலுவும் வீட்டப் பூட்டிட்டு ஷிஃப்டுக்குப் போயிட்டான்."

நான் மண்டியிட்டு மேஜைக்கடியில் போனேன். லேபிளை இன்னொரு முறை பார்த்தேன், மாட்டினேன், முனையை அழுத்தினேன்.

"ஸ்விட்சைப் போடு."

"நீங்களே போடுங்க. இன்னிக்கு நான் தொட்டது போதும்."

போட்டேன். விசிறி சுற்றியது. டிஸ்க் மெல்ல முனகி எழுந்தது. கடைசி அத்தியாயம் ஐந்தே முக்காலுக்குப் போயிற்று. ஆறுக்கு முன்பே பாரிஸிலிருந்து ஒரு வரி நன்றி வந்தது. ஜாக்லின் அதைப் படித்துவிட்டு, அன்று முதல்முறையாக உட்கார்ந்தாள்.

ஊர் சுற்றி வந்தவன் ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். முல்லா வீதியில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் கதவு திறந்துவிடுகிறது. என் வீட்டில் நிலைமை வேறு. மறுநாள் வேலுவிடமிருந்து வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை டிஸ்கை, காப்புப் பிரதி இனித் தன் பொறுப்பு என்று, துண்டில் சுற்றித் தன் புடவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள் ஜாக்லின். அந்த எல்லைக்குள் எனக்கு வீசா கிடையாது.