ஆறு பக்கெட் பாய்

தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால் குலாம் ரசூல் "பிஸ்மில்லா" சொல்வார். சொல்லிவிட்டு வலது கையைத் தோள் வரைக்கும் மீன்தொட்டிக்குள் விடுவார். வெளியே எடுத்த கையைத் துடைக்க மாட்டார். கோட்டூர்புரத்திலிருந்து பெசன்ட் நகர் வரை அவர் தொட்டி கழுவுகிற எல்லா வீடுகளிலும் இந்த ஒரு புகார் உண்டு. வாசலிலிருந்து கூடம் வரை அவர் நடந்த வழி சொட்டுச் சொட்டாகத் தெரியும். "தண்ணிதானே சார், காஞ்சா தானா பூடும்" என்பார். துண்டு கொடுத்தால் மரியாதையாக வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து திருப்பித் தரும்போது மடிப்புக்கூடக் கலைந்திருக்காது.

வயது ஐம்பத்தாறு. மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிற குடும்பம். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு சிவப்பு பக்கெட், அதற்குள் சுருட்டி வைத்த டியூப், வலை, கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு இரண்டு. மனிதர்களோடு தமிழ் பேசுவார், மீன்களோடு உருது. ஏன் என்று கேட்டால், "அதுங்ககிட்ட பொய் சொல்ற வேல இல்ல, வூட்டு பாஷையே போதும்" என்று பதில் வரும்.

கண்ணாடியில் படிகிற சாதாரணப் பச்சைப் பாசியை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. நீலப்பச்சைப் பாசி என்றால்தான் முகம் மாறும். அது கல், செடி, மணல் எல்லாவற்றின் மேலும் வழவழவென்று படரும். விரலால் தூக்கினால் பால் ஆடை மாதிரி ஏடாகக் கழன்று வரும். ஊறின சாக்கு நாற்றம் அடிக்கும். அவர் அதற்கு வைத்திருக்கிற பெயர் போர்வை. "இது பாசியே இல்ல சார், பாசி வேசம் போட்ட கிருமி. தேச்சி எடுத்தா ரெண்டு நாள்ல திரும்பிக்கினு வரும்." போர்வையை டியூபால் உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, தொட்டியை நான்கு நாள் கறுப்புத் துணியால் மூடிவிடுவது அவருடைய வைத்தியம். நான்கு நாளும் மீனுக்கு இரை கிடையாது. துணியைத் தூக்கி எட்டிப் பார்க்கவும் கூடாது. அவர் துணிக்குத் தப்பிய போர்வை கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தார், அச்யுத் வீட்டுத் தொட்டி அவரைக் குனியவைக்கும் வரை.

அச்யுத்துக்குக் கோட்டூர்புரத்தில் மூன்றாவது மாடி. கணினி உத்தியோகம். எதையும் அட்டவணை போட்டுப் பார்க்காமல் நம்பாத ஆள். நாலடித் தொட்டியில் ஏழு கோல்டு ஃபிஷ் வைத்திருந்தார். போர்வை வந்தது, துணி போட்டதும் போனது, அடுத்த மாதம் மறுபடி வந்தது. அச்யுத் தண்ணீரைச் சோதித்தார், விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார், கொளத்தூர் வரை போய் மருந்து வாங்கி ஊற்றினார். ஐந்தாவது தடவை பாசி தலைகாட்டியதும் குலாம் ரசூலை வரச்சொல்லி, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"மாசத்துக்கு ஒரு தடவை கரெக்டா வருது பாய். இந்தத் தொட்டியில மாசத்துக்கு ஒரு தடவை கை வைக்கறது யாரு? நீங்கதான். நீங்க கழுவிட்டுப் போன பத்து நாள்ல பாசி. உங்க பக்கெட்ல வேற வீட்டுப் பாசி ஒட்டிக்கிட்டு வருது."

"நான் உப்பு போட்டுக் கழுவி வெயில்ல வெக்கறேன் சார்."

"சரி. இன்னும் ஒரு தடவை பாக்கறேன். அப்பவும் வந்தா தொட்டியை ஆதம்பாக்கத்துல என் ஃப்ரெண்டு சுஹாஸுக்குக் குடுத்துடுவேன். அபார்ட்மென்ட் குரூப்புலயும் சொல்லிடறேன். மத்தவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும் இல்ல?"

அந்தக் குடியிருப்பில் மட்டும் அவர் கழுவுகிற தொட்டிகள் ஆறு. முப்பது வருடத் தொழிலில் மீன் செத்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறார், தரை நனைந்ததற்கு வாங்கியிருக்கிறார். அழுக்கன் என்று யாரும் சொன்னதில்லை. சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கு மீன்களோடுகூடப் பேசாமல் துணியைப் போட்டு மூடிவிட்டு வந்தார்.

நான்காம் நாள் துணி எடுக்கப் போனபோது அச்யுத் ஆபீசுக்குப் போயிருந்தார். சமையல் செய்கிற வேலம்மாதான் கதவைத் திறந்தார். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து எட்டரைக்கு அடுப்பு பற்றவைக்கிறவர். வழக்கம்போல டீ நீட்டினார். வழக்கம்போல குலாம் ரசூல் கையை ஆட்டினார்.

"நோன்பும்மா."

"இன்னா பாய், துணி எடுக்க வர்ற அன்னிக்கெல்லாம் நோம்புன்ற? போன மாசமும் வேணான்ன, அதுக்கு முன்னியும் வேணான்ன. ஏன் டீ மேல இன்னா கோவம்?"

குலாம் ரசூல் சிரிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். ரம்ஜான் போக, மாதாமாதம் பிறை பார்த்த நாளிலிருந்து எண்ணிப் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாம் நாளில் நோன்பு வைப்பது அவர் வழக்கம். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். இன்றைக்குப் பிறை பதின்மூன்று. துணி போட்டது ஒன்பதில். அச்யுத் போன் செய்தது எட்டில். போர்வை பிடித்து ஊர ஒரு வாரமாவது வேண்டும். இன்னும் பின்னால் போனால் பிறையே இல்லாத நாளில் விரல் வந்து நின்றது. அச்யுத்தின் அட்டவணையில் இங்கிலீஷ் தேதி இருந்தது, விளக்கு நேரம் இருந்தது, தண்ணீரின் சூடுகூட இருந்தது. நிலாவுக்கு அதில் கட்டம் இல்லை.

அவர் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில். அமாவாசை அன்றைக்குப் படியில் நின்று மீன்களுக்குப் பொரி போடுகிறவர்களைப் பார்க்காமல் அவர் அந்தத் தெருவைத் தாண்டியதில்லை.

"வேலம்மா, அமாவாசைக்கு இந்தத் தொட்டியில பொரி போடறியா?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

வேலம்மா கத்தியைக் கீழே வைத்தார். "முன்ன குளத்துலதான் போட்டுக்கினு இருந்தேன். அப்ப வூடு இங்கியே ஆத்தோரம். பெரும்பாக்கம் போனப்பறம் குளத்துக்குப் போய் வர நேரம் எங்க கீது? எங்கூட்டுக்காரு வெள்ளத்துல போனவரு, பாய். சிலிண்டர எடுத்துக்கினு வரேன்னு உள்ள போனாரு. திதி குடுக்க எனக்குப் புள்ள இல்ல. மீனுக்குப் போட்டா அவருக்குப் போவும்னு, சார் ஆபீசுக்குப் போனதும் ரெண்டு கை போடுவேன். இதுல ஒரு தப்பும் இல்லியே?"

"தப்பு இல்ல. ஏழு மீனு எவ்ளோ துன்னும்? மிச்சம் கல்லுக்கு அடியில போய் அழுவுது. அத்தத் துன்னுட்டுத்தான் போர்வை வளருது."

வேலம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக இந்த வீட்டில் நடந்த சோதனை, மருந்து, துணி எல்லாவற்றுக்கும் தன் இரண்டு கைப் பொரிதான் மூலம் என்று தெரிந்ததும் முகம் வெளிறிப்போனது.

"சார்கிட்ட சொல்லிடுவியா பாய்? என்ன நிப்பாட்டிடுவாரு."

ஒரு வார்த்தை போதும், குலாம் ரசூலின் பக்கெட் மேல் விழுந்த பழி போய்விடும். சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை தொண்டை வரை வரவும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, தொட்டிக்குக் காற்று விடுகிற மெல்லிய டியூபில் ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கித் தண்ணீரில் விட்டார். வளையம் மிதந்தது.

"இதுக்குள்ள போடு. ஒரு கைதான், ரெண்டு இல்ல. பத்து நிமிசம் பாரு, துன்னது போக மிச்சத்த டீ வடிகட்டில அள்ளிடு."

"அவருக்கு ஒரு கை போதுமா?"

"போதும்மா. அவருக்குத் தெரியும்."

சாயங்காலம் அச்யுத் போனில் கேட்டார்: "என்ன பாய், காரணம் ஏதாவது பிடிபட்டுதா?"

"பக்கெட்டாத்தான் இருக்கணும் சார். உங்க வூட்டுக்குன்னு தனியா புதுசு ஒண்ணு வெச்சிக்கறேன்" என்றார் குலாம் ரசூல். மீன்களிடம் உருதுவில் சொல்ல முடியாத ஒன்றைத் தமிழில் சொல்லிவிட்டார். அன்றைக்கு நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் ருசிக்கவில்லை என்று பிறகு ஒருநாள் வேலம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் போர்வை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. தன் கணிப்பு பலித்த சந்தோஷத்தில் அச்யுத் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: பிரச்சினை பக்கெட்தான், அவரவர் வீட்டுக்குத் தனி பக்கெட் கேட்டு வாங்குங்கள். கேட்டார்கள். இப்போது குலாம் ரசூலின் ஸ்கூட்டரில் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு நிறத்தில் ஆறு பக்கெட்டுகள் நிற்கின்றன. ஓட்டும்போது பக்கவாட்டில் தலையை நீட்டித்தான் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "இன்னா பாய், பிளாஸ்டிக் யாவாரத்துல எறங்கிட்டியா?" என்று கேட்பார் வாசலில் இருக்கிற வாட்ச்மேன். "ஆமா நைனா, உனுக்கு ஒண்ணு வோணுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

போன மாதம் கழுவும் நாளும் அமாவாசையும் ஒன்றாக வந்தன. அச்யுத் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிற நாள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருந்தார். சமையலறையில் யாரும் இல்லை. குலாம் ரசூல் தொட்டிக்குள் கையை விட்டிருந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தார்.

"பாய், ரெண்டு நாளா ஜொரம். எழுந்து ஒக்கார முடியல. சார்கிட்ட லீவு சொல்லிட்டேன்." வேலம்மாவின் குரல் கம்மியிருந்தது. "இன்னிக்கு அமாவாசை. ஒன்னப் போயி கேக்கக் கூடாதுதான்..."

"பொரி எங்க கீது?"

"துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால."

"அவரு பேரு இன்னா?"

புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் வேலம்மா.

"நாகராஜு" என்றார்.

குலாம் ரசூல் போனை வைத்தார். பொரிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். வளையத்தை மிதக்கவிட்டு, டீ வடிகட்டியைத் தொட்டியின் விளிம்பில் தயாராக வைத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறி விரித்து, வலது கையை முழங்கையிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் வரை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துக்கொண்டு, பொரியை அள்ளினார்.