குலுக்காத சொட்டு மருந்து

கன்டெய்னர் யார்டில் லாரிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது கயிற்றுத் தும்பு ஒன்று என் வலது கண்ணைக் கீறிவிட்டது. நாலு நாள் தண்ணீர் அடித்துக் கழுவியும் சிவப்பு போகவில்லை. ராயபுரத்துக் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழியில் பூஞ்சை பிடித்திருக்கிறது, மணிக்கொரு தரம் சொட்டு விடு, அசட்டையாக இருந்தால் பார்வை போய்விடும் என்றார். எட்டாவதோடு நின்றவனுக்குத் தெரிந்த பூஞ்சை ஊறுகாய் ஜாடியில் பூப்பதுதான். வழியெல்லாம் என் கண்ணுக்குள் ஜாடி தெரிந்தது.

மருந்து சுலபத்தில் கிடைக்கவில்லை. திருவொற்றியூர் வரை கடை கடையாக ஏறினேன். கேட்டு வருகிறவர்கள் குறைவாம். தேதி தாண்டினால் நஷ்டமாம். அதனால் வாங்கி வைப்பதில்லையாம். ஒரு கடையில் எல்லாச் சிவப்புக்கும் இதுதான் என்று வேறொரு சொட்டை நீட்டினார்கள். டாக்டர் கண்டதையும் விடாதே என்றிருந்ததால், பாம்பைப் பார்த்தவன் போலப் படியிறங்கி ஓடினேன். கடைசியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சிதான் பாரிமுனை மொத்தக்கடைக்குப் போன் போட்டு வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால், மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளை வண்டல். பூஞ்சை மருந்துக்கே பூஞ்சை பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினேன். திரும்பவும் அலைய உடம்பில் தெம்பில்லை. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல, வண்டல் கலங்காமல் சாய்த்து, தெளிவை மட்டும் கண்ணில் விட்டேன். அந்தச் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் கண் இன்னும் மோசம். மனைவி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் கடைக்கு இழுத்துப் போனாள்.

"இன்னா அண்ணாச்சி, கெட்டுப்போன மருந்தக் குட்த்துகீறே?"

அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, அந்த வெள்ளதான் மருந்தே. குலுக்கிட்டுல்லா விடணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். "குலுக்கறதா? இவுரு அத்த தாலாட்டிக்கினு இருந்தாரு."

அதன்பிறகு நான் குலுக்கிய குலுக்கில் தோள்பட்டை வலித்தது. கண் மெல்ல மெல்லத் தேறியது. கருவிழியில் ஒரு சின்ன வடு மட்டும் நின்றது. அண்ணாச்சி இப்போது கடையில் அந்த மருந்து ஒரு பாட்டிலாவது எப்போதும் வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் கையைக் குலுக்கிக் காட்டுவார்.

தினமும் வேலைக்குப் போகும்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் கடைப் பலகையைப் படிக்கிறேன். கடைசி எழுத்து கொஞ்சம் மங்கல். கண்ணா, பெயிண்டா என்று மனைவியைக் கேட்டால், பெயிண்ட் என்கிறாள். நம்புகிறேன். மறுநாள் மறுபடி கேட்கிறேன்.