பொட்டு வைத்த புரோகிராமர்

விம்கோ நகரில் மோட்டார் பம்புகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். போர்டில் இருக்கும் சிப்புக்குள் புரோகிராமை ஏற்றுவது என் வேலை. அதற்குக் கட்டைவிரல் அளவில் ‘புரோகிராமர்’ என்ற ஒரு கருவியும், யாரோ புண்ணியவான்கள் எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் ஒரு மென்பொருளும் போதும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று அது மக்கர் செய்தது. எந்தப் போர்டை மாட்டினாலும் ‘சிப் கிடைக்கவில்லை’ என்று ஒரே பாட்டு. ஒயரை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், எண்ணூர் உப்புக்காற்றைத் திட்டினேன். கடைசியில் ஆத்திரம் தாங்காமல், அந்த மென்பொருளை எழுதியவர்களின் இணையப் பக்கத்தில், “நீங்கள் கொடுப்பது ஓசியாக இருக்கலாம், என் நேரம் ஓசி இல்லை” என்று காரமாக எழுதி, ஒயரைக் கழற்றிக் கருவியைப் படமெடுத்துப் போட்டேன்.

எங்கோ ஒரு நாட்டிலிருந்து பொறுமையாகப் பதில் வந்தது: “ஒயர் மாட்டும் பின்களின் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பாகம் இருக்கிறதே, அது என்ன? அந்தக் கருவியின் வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லையே.”

நிமிர்ந்து பார்த்தேன். மல்டிமீட்டர், ஃபேன், சுவிட்ச் போர்டு, டீ ஃபிளாஸ்க் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். இதில் கருவியில் இருந்தது மட்டும் என் கண்ணில் எப்படிப் படும்? பூஜை போட்டவர், பக்கத்து மேஜையில் சால்டரிங் செய்யும் அக்கா.

காய்ந்த சந்தனத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்ததும் சிப் உடனே கிடைத்தது.

“பாத்தியாக்கா, உன் பொட்டு பண்ண வேலைய?” என்றேன்.

அக்கா தலையைத் தூக்கவேயில்லை. “பூஜை போட்டே இவ்ளோ பேஜாரு குடுக்குது நைனா. போடாம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?”