நம்ம வண்டிக்கு நாலு டயர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். டயர் விஷயத்தில் என்னைத் திருத்த மயிலாப்பூரில் ஆள் கிடையாது. மந்தைவெளி பஸ் டிப்போ மதில் ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டியும் பஞ்சர் ஒட்டும் பசை டப்பாவும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தவன் நான். இன்றைக்கு அதே சாலையில் ‘வெள்ளைத்துரை டயர்ஸ்’ என்று பலகை தொங்குகிறது. எழுத்து ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். அலைன்மென்ட் பார்க்க கம்ப்யூட்டர் இருக்கிறது, ஏசி போட்ட அறையில் கஸ்டமருக்கு சோபா இருக்கிறது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அந்தக் காலத்தில் எனக்குக் கடன் தர மாட்டேன் என்று சொன்ன பேங்கில், இப்போது இருக்கிற மேனேஜர் தன் காருக்கு டயர் மாற்ற என்னிடம்தான் வருகிறார். நானும் சோபாவில் உட்கார வைத்து காபி கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

என் கதையை எழுத தனிப் புத்தகம் வேண்டும். இது பவுல்சாமியின் கதை. அவனைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பவுல்சாமி சாந்தோம்காரன். அவன் அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆவான் என்று பார்த்தார். அவன் பத்தாவதில் பெயில் ஆகி, டிரைவிங் லைசென்ஸ் எடுத்தான். நந்தனத்தில் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டினான், கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஆக்டிங் டிரைவர்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஆக்டிங் டிரைவர் என்றால் வீட்டு டிரைவர் வராத நாளில் கூப்பிட்டனுப்பும் ஆள். கல்யாணத்துக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, ஏர்போர்ட்டுக்குப் போக ஒரு நாளைக்கு மட்டும் வருவான். சாவியை வாங்குவான், சாயங்காலம் சாவியைக் கொடுப்பான். அந்த வீட்டு நாய்க்குக் கூட அவன் வாசனை பழகியிருக்காது.

ஆக்டிங் டிரைவருக்கு வேலை எப்போது வரும்? ஊரே லீவு போடுகிற நாளில்தான் வரும். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்மஸ் என்று எந்தப் பண்டிகைக்கு எந்த வீட்டு டிரைவர் ஊருக்குப் போனாலும் பவுலுவின் செல் அடிக்கும். அவன் சம்சாரம் டெல்பின் மாதா கோயில் பூசைக்குப் பிள்ளைகளோடு தனியாகத்தான் போவாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு வருஷமாவது குடும்பத்தோடு போய்வர வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

என் கடைக்கு எத்தனையோ பார்ட்டிகளின் வண்டிகளை அவன் ஓட்டிவந்திருக்கிறான். ‘பார்ட்டி வண்டி நைனா, சீக்கிரம் பாரு’ என்பான். ஒரு நாள் சும்மா இருக்கிறாயே, லீவா என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

“லீவு எடுக்க முதல்ல ஒரு வேலை வேணும் நைனா. வேலை வராத நாளுக்குப் பேரு லீவா?”

என் கடையிலேயே சேர்ந்துவிடு, கஸ்டமர் வீட்டிலிருந்து வண்டி எடுத்துவந்து திருப்பி விடுகிற வேலை இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். அதுவும் ஊரார் வண்டிதானே என்றான். ஒரே வீடு, ஒரே வண்டி, அதுதான் அவனுக்கு வேண்டும். நான் ஒருவரை ஒரு தடவைக்கு மேல் கூப்பிடுகிற ஆள் இல்லை. விட்டுவிட்டேன்.

போன தை மாதம் சித்ரகுளம் பக்கத்தில் ஸ்ரீனிவாசராகவன் சார் வீட்டில் அவனுக்கு டூட்டி கிடைத்தது. சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு, அதாவது அவர் மனைவி விசாலாக்ஷி அம்மாவுக்கு, முதுகு வலி. அவர்களின் பழைய டிரைவர் கண் சரியாகத் தெரியவில்லை என்று வேலையை விட்டுப் போய்விட, பவுலு போனான். ஒரு நாள் என்று போனவன் தினமும் போனான். கோயில், சபா, டாக்டர், தி. நகரில் புடவைக் கடை. சத்தம் போடாத மனுஷர்கள். பெயர் சொல்லி, ‘வாங்கோ போங்கோ’ என்று கூப்பிடுவார்கள். அவனுக்கென்று தனி டம்ளரில் காபி வரும். மேடு பள்ளத்தில் மாமிக்கு முதுகு அதிராமல் அவன் ஓட்டுவதைப் பார்த்து, ‘நீங்களே பெர்மனென்ட்டா வந்துடலாமே பவுல்’ என்று ஒரு நாள் மாமி சொன்னாராம். சார் பேப்பரை மடித்துக்கொண்டே ‘பார்க்கலாம்’ என்றாராம்.

இந்தப் பார்க்கலாமை அவன் என்னிடம் வந்து நாலு தரம் சொன்னான். எனக்குப் பார்க்கலாம் என்பவர்களைத் தெரியும். என் பலகைக்குக் கீழே நின்று விலை கேட்டுவிட்டு ‘பார்க்கலாம்’ என்று போனவன் எவனும் திரும்பி வந்ததில்லை. மாதச் சம்பளமா இல்லையா என்று நேராகக் கேட்டுவிடு என்று சொன்னேன். கேட்டால் சின்னத்தனமாக இருக்கும், அவர்களாகவே சொல்வார்கள் என்றான்.

ஆனி மாதம் சார் வண்டிக்கு டயர் மாற்ற அவனையே அனுப்பினார். வெள்ளைக் கார், பழசு, ஆனால் உள்ளே வீடு மாதிரி சுத்தம். ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தேன். முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்து நூல் தெரிந்தது. பின் டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகி விரிசல் விட்டிருந்தது. நாலையும் மாற்றாமல் என் கடையிலிருந்து இந்த வண்டி இறங்காது என்று சொல்லிவிட்டேன். அவன் சாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். சார் முதலில் இரண்டு மட்டும் போட்டால் போதாதா என்றார். நான் விவரம் சொன்னேன். டயர் விஷயத்தில் நான் பேசினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை, அவரும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“சரி பவுல், நாலுமே போட்டுடுங்கோ. உங்களுக்கு எது சரின்னு படறதோ அதையே போடுங்கோ. நம்ம வண்டிக்கு இன்னும் அஞ்சு வருஷம் டயர்னு ஒரு கவலையே இருக்கப்படாது.”

போனை வைத்த பிறகும் பவுலு அதைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

“கேட்டியா நைனா? நம்ம வண்டின்றாரு. அஞ்சு வருசம்ன்றாரு.”

பேச்சுக்குச் சொல்வார்கள் என்றேன். பேச்சுக்குச் சொல்வது என்றால் ‘எங்க வண்டி’ என்று சொல்லியிருப்பாரே, என்னையும் சேர்த்துத்தானே நம்ம என்றார் என்று வாதாடினான். தமிழில் அப்படி இரண்டு சொல் இருப்பதுதான் அவனுக்கு ஆதாரம். அவன் பத்தாவது வரை படித்தவன், நான் ஐந்தாவது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அதற்கப்புறம் அன்று காலை முழுக்க என் உயிரை எடுத்தான். மூன்று தினுசு டயரை எடுத்துப் போட்டேன். ஒன்று மலிவு. ஒன்று கெட்டி ரப்பர், நாள்பட உழைக்கும், ஆனால் வேகத்தில் ஓவென்று சத்தம் வரும். மூன்றாவது மெத்து ரப்பர், சத்தம் வராது, மழையில் ரோட்டைப் பிடிக்கும், கொஞ்சம் சீக்கிரம் தேயும். மாமியின் முதுகுக்கு மெத்து வேண்டும், சார் வண்டியில் கச்சேரி கேட்பார், சத்தம் ஆகாது, ஆனால் ஐந்து வருஷமும் ஓட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு டயர் கேட்டான். சொந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன் கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். மெத்து டயரையே போட்டு, மாதா மாதம் காற்றைச் சரியாகப் பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் பூட்டினால் ஐந்து வருஷம் வரும், அது ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது என்றேன்.

“ஓட்டப்போறது நான்தானே நைனா. என் கையில விடு.”

நாலு டயரின் பக்கத்திலும் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அச்சடித்திருக்கும். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தவன், ஒன்று மட்டும் முந்தின வருஷத்து டயர் என்று கண்டுபிடித்து மாற்றச் சொன்னான். என் கடையில், என்னிடம்! கோபம் வந்தது. ஆனாலும் கோடவுனிலிருந்து வேறு எடுத்துவரச் சொன்னேன். தொழிலில் நான் அப்படித்தான்.

டயர் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கொண்டுவருகிற டிரைவருக்கு ஏதாவது கையில் கொடுப்போம். பவுலுவும் எத்தனையோ தடவை வாங்கிக்கொண்டவன்தான், அதில் தப்பு எதுவும் இல்லை. அன்று நான் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நம்ம வண்டிக்கு நானே கமிஷன் வாங்குவனா? இன்னா நைனா நீ.”

அதற்குப் பதிலாக சக்கர டிஸ்குகளை நன்றாகக் கழுவிக் கொடுக்கச் சொன்னான். பில் போடும் ஜெயலக்ஷ்மி, மாற்றிப் பூட்டும் நேரம் வந்தால் மெசேஜ் போக வேண்டும், எந்த நம்பர் என்று கேட்டாள். சாருக்கு எதற்குத் தொந்தரவு என்று தன் நம்பரையே கொடுத்தான். வண்டியை எடுக்கும் முன் சுற்றிவந்து நாலு டயரையும் பார்த்தான். செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு லீவு கேட்கலாம் என்று இருக்கிறேன், கேட்டால் கொடுப்பார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

அடுத்த வாரம் சாரும் மாமியும் பெங்களூரில் இருக்கும் மகள் ஹம்சா வீட்டுக்குக் கிளம்பினார்கள். பவுலுதான் ஓட்டினான். வழியெல்லாம் சத்தமே இல்லை என்று சார் மெச்சினாராம். ஆம்பூர் தாண்டி மாமி தூங்கியே விட்டாராம். முதுகு வலிக்காரி வண்டியில் தூங்குவது அதுதான் முதல் தடவை என்று அவனுக்கு ஒரே பெருமை.

அங்கே போய் இறங்கியதும் மாப்பிள்ளை கீழே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் தட்டினார். எல்லாமே புதுசா என்று கேட்டார். பவுலு பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சார் சொன்னாராம், பொண்ணுக்குக் கொடுக்கிற வண்டியைத் தேய்ந்த டயரோடு கொடுப்பார்களா என்று.

பவுலுவுக்கு அப்போதும் சரியாகப் புரியவில்லை. டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்கி மாடியில் வைத்தான். சாப்பாடு போட்டார்கள், நன்றாகவே போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சார் பக்கத்தில் வந்து நின்றார்.

“பவுல், நீங்க மத்தியான ரயிலுக்குக் கிளம்பிடுங்கோ, மாப்பிள்ளை டிக்கெட் போட்டுட்டார். நாங்க பத்து நாள் இருந்துட்டு ஃபிளைட்ல வரோம்.”

“வண்டி சார்?”

“வண்டி இனிமே ஹம்சாகிட்டதான். மெட்ராஸ்ல எங்களுக்கு எதுக்கு? செல்லுல கூப்பிட்டா டாக்ஸிக்காரன் வாசல்ல வந்து நிக்கறான். எங்க வண்டிய இத்தனை நாள் சொந்த வண்டி மாதிரி பார்த்துண்டேள். ரொம்ப தாங்க்ஸ்.”

சாவியை அவர் கையில் கொடுத்தான். தினமும் சாயங்காலம் கொடுப்பது போலத்தான் கொடுத்தானாம். மாமி ஒரு பையில் முறுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சட்டைத் துணியும் வைத்துக் கொடுத்தார். மோசமான மனுஷர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஏமாற்றவில்லை, திட்டவில்லை, அன்றைய டூட்டிக்கு உரியதைக் குறைக்கவில்லை. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். திட்டியிருந்தால் அவன் திருப்பித் திட்டிவிட்டாவது வந்திருப்பான்.

இதையெல்லாம் அவன் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான். நேராகக் கேள் என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்றேன். சொன்னாய் என்றான். நம்ம, எங்க என்று தமிழ் பேசினாயே, இப்போது என்ன சொல்கிறாய் என்றும் கேட்டேன். அவன் டீயை மட்டும் குடித்து முடித்தான். நான் மறுபடியும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷம்.

செப்டம்பரில் டெல்பின் தன் தங்கையோடு வேளாங்கண்ணி போய்வந்தாள்.

கிறிஸ்மஸ் அன்று நான் கடை திறந்திருந்தேன். எல்லாப் பண்டிகைக்கும் திறப்பேன், அப்படித்தான் இந்தப் பலகை வந்தது. பத்து மணி வாக்கில் ஒரு பெரிய கறுப்பு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்து நின்றது. பின்டயரில் ஆணி. கொட்டிவாக்கத்தில் விருந்துக்குப் போகிற குடும்பம், பட்டும் கோட்டுமாக இறங்கி ஏசி அறைக்குள் போனார்கள். ஓட்டிவந்தவன் பவுல்சாமி. சலவைச் சட்டை போட்டிருந்தான், பூசைக்கு என்று எடுத்ததாக இருக்கும்.

டயரைக் கழற்றச் சொல்லிவிட்டு அவன் பக்கம் வந்தேன். செல்லை எடுத்து என்னிடம் நீட்டினான். என் கடை மெசேஜ். முந்தின நாள் வந்திருக்கிறது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வண்டியின் டயர்களை மாற்றிப் பூட்டும் நேரம் வந்துவிட்டது.’

“இந்த நம்பரை எடுத்துடு நைனா. அவுங்க வண்டி அது.”

ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அப்படியானால் அந்த வண்டிக்கு யார் நம்பரைப் போடுவது என்று கேட்டாள். பவுலு செல்லைப் பார்க்காமலேயே ஸ்ரீனிவாசராகவன் சாரின் நம்பரை ஒப்பித்தான். பெங்களூருக்குப் போய்விட்ட வண்டிக்கு இங்கிருந்து மெசேஜ் எதற்கு என்று நான் கேட்டேன்.

“மாத்திப் பூட்டலைன்னா முன்னாடி ரெண்டும் தேஞ்சிடும். சொல்லி வை.”

ஆணியைப் பிடுங்கி ஒட்டி, காற்றடித்து, டயரைப் பூட்டி முடித்தோம். டிரைவர் கமிஷன் என்று அவனிடம் நான் எதையும் நீட்டவில்லை, எனக்குக் கை வரவில்லை. உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து, ‘டிரைவர், கிளம்பலாமா’ என்றார். பெயர் தெரியவில்லை போல.

அவன் கதவைத் திறந்துவிடப் போகும்போது, இந்த வீட்டு டிரைவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“நம்ம கோயில் ஆளுதான் நைனா. பண்டிகைக்கு லீவு போட்டுக்கிறான்.”