பெருச்சாளி முதலாளி

என் தங்கைக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் டிக்கெட்டின் பின்பக்கம் நாலு மூஞ்சி வரைந்திருப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்தது, லேபிள் அடிக்கும் அச்சகத்தில் சோப்பு டப்பாவுக்குக் குமிழி வரைகிற வேலை. அதே அச்சகத்தில் நான் பேக்கிங். முதலாளிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே 'சிஸ்டர்ஸ்'. ஒருத்தி மாட்டினால் இரண்டு பேர் வேலையும் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

குமிழி வரைந்து வரைந்து வெறுத்துப்போய்த்தான் திருட்டுத்தனமாக ஒரு காமிக்ஸ் ஆரம்பித்தாள். வெட்டிப்போட்ட காகிதத்தில் எட்டுப் பக்கம், கோணலாக ஒரு ஸ்டேப்ளர் பின். பேர் கிடையாது, விலை கிடையாது. கதாநாயகன் சட்டை போட்ட பெருச்சாளி. லீவு கேட்டால் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிவிட்டு, கேட்டவனின் சாப்பாட்டைத் தின்னும். பஸ் சீட்டிலும் சலூன் பெஞ்சிலும் போட்டுவிட்டு வருவாள். கடையில் விற்கிற காமிக்ஸில் கடைசியில் நல்லவன் ஜெயிப்பான். இதில் ஒருத்தனும் ஜெயிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஜனங்கள் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். எங்கள் லேடீஸ் டாய்லெட்டில் ஒரு பிரதி ஈரம் பட்டுக் கிழியும்வரை சுற்றியது.

முதலாளி கையிலும் ஒன்று சிக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எதிர்க் கம்பெனிக்காரனை அப்படியே போட்டிருக்கான்யா!"

தங்கைக்குத் தாங்கவில்லை. அடுத்த இதழில் பெருச்சாளிக்கு அவர் வழுக்கையைக் கொடுத்தாள். அப்புறம் அவர் தொப்பையை, அவருடைய கட்டம் போட்ட சட்டையை. மனிதர் சிரித்துக்கொண்டே இருந்தார். இவள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"எப்படிக்கா அவருக்கு உறைக்கவே மாட்டேங்குது?"

"அவரை விடு. அவர் எது சொன்னாலும் பல்லைக் காட்டித் தலையாட்டறியே, அதை ஏன் வரையல?"

எரிச்சலில் சொன்னதுதான். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அடுத்த இதழில் பெருச்சாளிக்குப் பக்கத்தில் ஓர் ஓணான் நின்று தலையாட்டியது.

அந்த இதழோடு முதலாளி நேராக அவள் மேஜைக்கு வந்தார்.

"இந்த ஓணான் நீதானே? அச்சு அசல் நீயேதான்!"

மெஷின்காரர்கள்கூடச் சிரித்தார்கள். ஓணான் இவள் என்றால் பக்கத்தில் நிற்பது யார் என்று மனிதர் யோசிக்கவே இல்லை. போதாததற்கு ஆறுதல் வேறு. "கவலைப்படாதேம்மா, எவன் வரைஞ்சான்னு கண்டுபிடிச்சு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"நான்தான் சார் வரைஞ்சேன்."

"நீயா?" அவருக்குச் சிரிப்பு இன்னும் அதிகமானது. "உனக்கு ஏதும்மா அவ்வளவு தைரியம்?"

அவள் ஒரு சோப்பு லேபிளைத் திருப்பிப் போட்டு, நின்றபடியே வரைந்தாள். பெருச்சாளி. அதன் நெற்றிமேல் தூக்கிவிட்ட மூக்குக்கண்ணாடி. முதலாளியின் கை தானாக நெற்றிக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது.

அவர் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார்.

"நெஜமாவே நான் இப்படியா இருக்கேன்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தங்கை என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார்," என்றேன்.